பேய் ரயிலில் தன்னார்வலராக வருகிறீர்களா? முதல் நாளுக்கு முன் படிக்க

மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயில் இல்லை. முன்பு இருந்தது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து குறுகிய தண்டவாளப் பாதையில் வந்தது, 1936இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் வைக்கத்தான் மாங்காய் மண்டியில் பேய் ரயில் நடத்திப் பணம் சேர்க்கிறோம். ரயில் பெட்டி மாதிரி கட்டி, டிக்கெட் வாங்கி வருகிறவர்களை இருட்டில் உட்காரவைத்துப் பயமுறுத்தும் விளையாட்டு இது. அமெரிக்காவில் பல ரயில் அருங்காட்சியகங்கள் அக்டோபரில் ஹாலோவீன் என்ற பேய் வேடப் பண்டிகையை ஒட்டி உண்மையான பெட்டிகளிலேயே இப்படி நடத்துகின்றன. நம்மிடம் இருப்பது மாங்காய் அடுக்கும் கிரேட்டுப் பெட்டியும் கறுப்புத் துணியும்.

முதல் வேலை பெட்டி கட்டுவது. தரையில் 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அந்தப் பழைய ரயிலின் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அவ்வளவுதான் அகலம். பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், அதனால் கோடு நன்றாகத் தெரியட்டும். இருபுறமும் கிரேட்டைக் கவிழ்த்து, மேலே பலகை. பலகைக்கும் கிரேட்டுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை மடித்து வையுங்கள். துணிக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் பலகை முனையை மெல்ல ஆட்டினால் போதும், உட்கார்ந்திருப்பவருக்கு ரயில் கிளம்பிவிடும்.

அடுத்தது பயமுறுத்துவது. புதிதாக வருகிறவர்கள் எடுத்ததுமே கத்திவிடுகிறார்கள். கத்தாதீர்கள். விளக்கு அணைந்த பிறகு பத்து எண்ணும்வரை ஒரு சத்தமும் வேண்டாம். அந்த அமைதியிலேயே பாதி பயம் வந்துவிடும். அப்புறம் தூரத்தில் ஒரு விசில், பக்கத்தில் செருப்புச் சத்தம், காதோரமாக, "டிக்கெட் எடுத்தீங்களா?" யாரையும் தொடக்கூடாது, ஒரு கை தூரம் தள்ளியே நில்லுங்கள். குழந்தை கையைத் தூக்கினால் உடனே விளக்கைப் போடுங்கள். போன தடவை நான் கொஞ்சம் தாமதித்தேன். அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்த அரைமணி நேரமானது, இன்னும் மனசு கேட்கவில்லை.

இன்னொன்று. பஞ்சக் காலத்தில் தானியம் வந்து சேரட்டும் என்று போட்ட பாதை இது. பஞ்சத்தில் செத்தவர்களைப் பேயாக்கிக் கதை சொல்லாதீர்கள். நமக்குப் பேயாக ஒரு ரயில் கார்டு (கொடி காட்டி வண்டியை அனுப்புபவர்), ஒரு டிக்கெட் பரிசோதகர் போதும்.

மெழுகுவத்தி, சூடம், சாம்பிராணிப் புகை எதுவும் உள்ளே கூடாது. பேட்டரி விளக்கு மட்டும். சட்சட்டென்று மின்னும் விளக்கும் வேண்டாம், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. இரண்டு வழியும் திறந்தே இருக்கணும், மணல் வாளி கையெட்டும் தூரத்தில் இருக்கணும். டிக்கெட்டில் எண் போட்டு அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுங்கள்.

கடைசியாக, இறங்கும் இடத்தில் பழைய பாதையின் வரைபடத்தை மாட்டி, பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். "எங்க தாத்தா இதுல போயிருக்காரு" என்று யாராவது நிற்பார்கள். அவரை உட்காரவைத்து, ஊர், பெயர், அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பழைய படமோ டிக்கெட்டோ கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அப்போதே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.