கேப் ரிவால்வரின் தோட்டா: எழுதும்போது நேரும் பிழைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் துப்பாக்கி வரும் இடத்தில் சறுக்குவதற்குப் பெரும்பாலும் காரணமாவது 'தோட்டா' என்ற சொல்தான். குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பொருள் ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடக்கிய ஒன்றையே அந்தச் சொல் இன்று நம் மனத்தில் நிறுத்துகிறது. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வருக்கு அப்படியொரு பொருளே கிடையாது. சுழலும் உருளையான சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து அழுத்தி, அறையின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் சிறு முனையில் அடிபட்டதும் தீப்பொறி கக்கும் சிறு மூடியான செப்புக் கேப் ஒன்றைப் பொருத்தினால்தான் அது சுடும். ஆகவே, 1863இல் நடக்கும் கதையில் கோல்ட் ரிவால்வர் வைத்திருக்கும் குதிரைவீரன் ஒருவன், சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைத் தரையில் உதிர்த்தான் என்று எழுதுவது பிழை. வெடித்துப் பிளந்த கேப்பின் செப்புத் துணுக்குகளைத் தவிர அவனிடம் உதிர்க்க எதுவும் இருந்திருக்காது.

இந்தப் பிழையைத் திருத்தப் புறப்பட்டவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, அந்தக் காலத்தில் எல்லாரும் எப்போதும் குடுவையிலிருந்துதான் மருந்தைக் கொட்டினார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். கோல்ட்டின் தொடக்கக் காலத்துக்கு அது பொருந்தும். நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் தயாரான அவருடைய முதல் ரிவால்வர்களோடு, ஐந்து அறைகளையும் ஒரே நேரத்தில் நிரப்பும் ஐந்து மூக்குக் குடுவைகூட விற்கப்பட்டது. ஆனால் 1850களின் நடுவிலிருந்து, மருந்தையும் குண்டையும் ஒன்றாகச் சேர்த்த, முழுவதுமாக எரிந்துபோகும் தோட்டாக்கள் பரவலாயின. மருந்தை வெடியுப்பில் பதப்படுத்திய மெல்லிய தாளில் சுற்றினார்கள்; விலங்குக் குடலின் மெல்லிய தோலில் பொதிந்தார்கள்; கோல்ட் மெல்லிய வெள்ளீயத் தகட்டையும் முயன்று பார்த்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்கு ராணுவம் தன் குதிரைப்படைக்கு வழங்கியவை பெரும்பாலும் இத்தகைய தோட்டாக்களே.

அப்படியான ஒரு பொட்டலத்தைக் கூர்ந்து பார்த்தால் பல ஐயங்கள் தீரும். உள்ளங்கையில் அடங்கும் சிறு மரக்கட்டை. அதில் துளைத்த ஆறு குழிகள். குழிக்கு ஒன்றாக ஆறு தோட்டாக்கள். மேலே சுற்றிய தாள், அதைச் சட்டென்று கிழிக்க உதவும் நாடா, எத்தனை அங்குலக் குழல்வாய் கொண்ட துப்பாக்கிக்கு உரியது என்று சொல்லும் அச்சிட்ட சீட்டு. தோட்டா அவ்வளவு மெல்லியது என்பதால்தான் இந்தக் கட்டை; பையில் வெறுமனே போட்டுக் குதிரையேறினால் மாலைக்குள் வெறும் தூள்தான் மிஞ்சும். உள்ளிருக்கும் குண்டும் பெரும்பாலும் உருண்டையாக இராது, கூம்பாக இருக்கும். எல்லாக் காட்சியிலும் உருண்டைக் குண்டையே உருட்டுவது, இன்றைய நகல் துப்பாக்கிகளைப் பார்த்துப் பழகியதால் வந்த பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் வாசகர்களுக்கு மிக அருகில் நிற்கும் குழப்பம் 1857ஐச் சார்ந்தது. சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த, கொழுப்புத் தடவிய தோட்டா, என்ஃபீல்டு ரைஃபிளுக்கு உரியது. அதன் தாள் எரிவதற்காக அமைந்ததன்று. முனையைக் கிழித்து மருந்தைக் குழலுக்குள் கொட்டிய பிறகே குண்டைச் செலுத்த வேண்டும். ரிவால்வர்த் தோட்டாவிலோ, பாதுகாப்புக்கான வெளியுறை இருந்தால் அதை மட்டும் உரித்துவிட்டு, மற்றதை அப்படியே அறைக்குள் அழுத்துவார்கள். கேப்பிலிருந்து பாயும் தீ, தாளைத் துளைத்து மருந்தைப் பற்றவைக்கும். ஆகவே, அதே கலகத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தம் ரிவால்வருக்காகத் தோட்டாவைக் கடித்தார் என்று எழுதுவது இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது.

அளவுகளில் நேரும் பிழைகள் இதைவிட நுட்பமானவை. 'கிரெயின்' என்பது எடை அளவு. 1847இல் வந்த கோல்ட்டின் வாக்கர் ரிவால்வரின் ஓர் அறை 60 கிரெயின் மருந்து கொள்ளும் என்றால், அது ஏறத்தாழ 3.9 கிராம். நான் மெய்ப்புப் பார்த்த ஒரு கையெழுத்துப் படியில் அது '60 மணிகள்' ஆகியிருந்தது. படித்ததும் நெல்மணிதான் நினைவுக்கு வந்தது. அதுபோல, 1856இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட போமான்ட்-ஆடம்ஸ் ரிவால்வரை '54 போர்' (bore) என்று குறிப்பிடுவதைக் கண்டு, 0.54 அங்குலம் என்று மாற்றுவது தவறு. ஒரு பவுண்டு ஈயத்தில் 54 உருண்டைகள் வார்க்கலாம் என்பதே அதன் பொருள். அங்குலத்தில் அது 0.442தான். நம்மூரில் 'பன்னிரண்டு போர்' என்று சொல்லும் துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான், எண் கூடக்கூடக் குண்டு சிறுக்கும்.

கோல்ட்டின் 1851 நேவி ரிவால்வரை .36 என்று சொல்வதால் அதன் குண்டும் 0.36 அங்குலம் என்று கொள்ளக் கூடாது. அந்த எண், குழலின் உட்புறத்தில் சுருள் பள்ளங்களுக்கு இடையே உயர்ந்து நிற்கும் மேடுகளுக்கு இடைப்பட்ட அகலம். உருண்டைக் குண்டோ ஏறத்தாழ 0.375 அங்குலம், அறையின் வாயைவிடவும் சற்றுப் பெரிது. நெம்புகோலால் அழுத்தும்போது குண்டின் ஓரத்திலிருந்து நகக்கீற்றுப் போன்ற மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே நிற்கும். அந்த இறுக்கம்தான் குண்டு நழுவாமல் காக்கிறது.

கேப்பைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்பதும் பாதி உண்மையே. அடிபட்டதும் வெடிக்கும் ஃபல்மினேட்டைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு அவர் 1807இல் காப்புரிமை பெற்றார். செப்புக் கேப் அதற்குப் பின் வந்தது. அதற்கு உரிமை கொண்டாடியவர்கள் பலர், அமெரிக்காவில் 1822இல் காப்புரிமை பெற்ற ஜோஷுவா ஷா அவர்களில் ஒருவர்.

சண்டை நடுவே காலிச் சிலிண்டரைக் கழற்றி, நிரப்பிய இன்னொன்றை மாட்டும் காட்சியையும் சற்று அளந்தே எழுத வேண்டும். பேட்டர்சன் ரிவால்வர்களோடு கூடுதல் சிலிண்டர் விற்கப்பட்டது உண்மை. ஆனால் கோல்ட்டில் சிலிண்டரை எடுக்க, ஆப்பைத் தள்ளி, குழலையே கழற்றியாக வேண்டும். இதைக் குதிரைமேல் செய்வதைவிட இடுப்பில் இரண்டாவது ரிவால்வர் செருகிக்கொள்வது எளிது.

உலோகத் தோட்டா வந்ததும் கேப் ரிவால்வர் மறைந்தது என்று முடிப்பதும் காலக்கணக்கைக் குலைக்கும். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் தன் .22 ரிவால்வரை வெளியிட்டது 1857இல். ஆனால் உலோகத் தோட்டாவைப் பின்புறமிருந்து நுழைக்க ஏதுவாகப் பின்புறம் வரை துளைத்த சிலிண்டருக்கு ரோலின் ஒயிட் 1855இல் பெற்ற காப்புரிமை அந்நிறுவனத்தின் பிடியில் இருந்ததால், அது 1869இல் காலாவதியாகும்வரை கோல்ட் கேப் ரிவால்வரையே செய்துகொண்டிருந்தது. அந்தக் காப்புரிமை கட்டுப்படுத்தியது அமெரிக்காவை மட்டுமே. பிரான்சில் லஃபோஷே உலோகத் தோட்டா ரிவால்வர்களை 1850களிலேயே விற்றுக்கொண்டிருந்தார், வடக்கு ராணுவமும் அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கியது. 1870களில் பழைய .36 நேவிகளை உலோகத் தோட்டாவுக்கு மாற்றியமைத்தபோது, அவற்றின் குழலுக்கு ஏற்ற 0.375 அங்குலக் குண்டுகொண்ட தோட்டாவுக்கு .38 என்று பெயரிட்டார்கள். பின்னாளில் குண்டைக் கூட்டுக்குள் அடங்குமாறு சிறிதாக்கியபோதும் பெயரை மாற்றவில்லை; .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு இன்று 0.357 அங்குலமாக இருப்பது அதனால்தான்.