பேராக்கிலிருந்து குளுவாங்கிற்கு: மாநிலம் மாறி வந்த தாதி முதல் வேலை தேடும் வழி

சுங்கை சிப்புட்டில் வளர்ந்து, தாதியர் டிப்ளோமா முடித்த சில மாதங்களிலேயே திருமணமாகி ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கிற்கு வந்தபோது, என் கையில் தாதியர் வாரியப் பதிவு இருந்தது. ஊரில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஊரில் தாதி என்று சொல்லத்தக்க முதல் வேலை கிடைக்க ஐந்து மாதங்கள் ஆயின. அவற்றில் பாதி என் அறியாமையால் போன காலம்.

முதலில் பலருக்கும் இருக்கும் ஓர் அச்சத்தை நீக்கிவிடலாம். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் வாரியத்தில் பதிந்த ஒருவர், பேராக்கில் படித்தார் என்பதற்காக ஜொகூரில் மறுபடியும் தேர்வு எழுத வேண்டியதில்லை. பதிவோடு, நாம் ஏ.பி.சி. என்று சொல்லும் ஆண்டுத் தொழில் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். அது டிசம்பர் 31இல் காலாவதியாகும் என்பதால், ஆண்டு இறுதியில் வீடு மாறுபவர்கள் புதுப்பிப்பு வேலையை முடித்துவிட்டுப் பெட்டி கட்டுவது நல்லது. சபா, சரவாக்கிற்குச் செல்பவர்களின் நிலை வேறு: தீபகற்பத்தைச் சேர்ந்த மலேசியராக இருந்தாலும் அங்கே வேலை செய்வதற்குத் தனி அனுமதி பெற வேண்டும்.

சொந்த மாநிலத்தை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய காரியங்களில், நான் தவறவிட்டது நற்சாட்சிக் கடிதம். பயிற்சிக் காலத்தில் நம்மை வார்டில் பார்த்த பொறுப்புத் தாதி, நாம் ஊரில் இருக்கும்போது பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். நாம் ஆறு மணி நேரப் பயணத் தொலைவுக்கு வந்த பிறகு, அவர் வேறு வார்டுக்கு மாறியிருப்பார், அல்லது நம் முகம் அவருக்கு மறந்திருக்கும். கல்லூரி மதிப்பெண் பட்டியலின் உறுதிசெய்த நகல்கள், மருத்துவப் பயிற்சிப் பதிவேடு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிப் பதிவு, அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கியதும் தேசியப் பதிவிலாகாவில் மைகார்டு எனும் அடையாள அட்டையின் முகவரியை மாற்றிவிடுங்கள். விண்ணப்பத்தில் பேராக் முகவரி இருந்தால், இந்தப் பெண் நிலையாக இருப்பாளா என்ற ஐயம் எடுத்த எடுப்பிலேயே எழுகிறது.

அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து வையுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம். நியமனம் காலியிடத்தைப் பொறுத்தது. கணவர் வேலை செய்யும் ஊரிலேயே கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. குளுவாங்கில் என்ச்செ பெசார் ஹஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறதே என்று நான் மூன்று மாதங்கள் அதன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவதும், தனியார் மருத்துவமனைகளின் மனிதவளப் பிரிவுக்கு நேரடியாக எழுதுவதும் அந்தக் காத்திருப்பின்போதே நடக்க வேண்டியவை.

தோட்டப்புற ஊர்களில் தாதிக்கான கதவுகள் பெரும்பாலும் விளம்பரத்தில் வருவதில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு டிரெசர், அதாவது மருந்து கட்டும் உதவியாளர், இருந்தார்; காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அவரே கதி. இன்று அந்த மக்கள் ஊருக்குள் குடிவந்து, நீரிழிவோடும் சிறுநீரகக் கோளாறோடும் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கடைவீதி மாடிகளில் இயங்கும் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) நிலையங்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், பொது மருத்துவரின் கிளினிக்குகள் ஆகியவற்றுக்குக் கோப்போடு நேரில் செல்லுங்கள். காலை பத்து மணிக்குமேல் செல்வது உகந்தது. அதற்குமுன் நோயாளிகளை இயந்திரத்தில் இணைக்கும் பரபரப்பில் உங்களை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

எனக்கு வேலை கொடுத்த இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்புத் தாதி பாடப்புத்தகக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சாய்வு நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரைக் காட்டி, இரத்த அழுத்தம் எடுக்கச் சொன்னார். பெரியவரின் இடது முழங்கைக்குக் கீழே ஃபிஸ்டுலா, அதாவது இரத்தச் சுத்திகரிப்புக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம், புடைத்திருந்தது. அந்தக் கையில் பட்டையைச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு ஃபிஸ்டுலா கெட்டுப்போகக்கூடும் என்பதால், நாற்காலியைச் சுற்றிச் சென்று வலது கையில் எடுத்தேன். பிறகு இடது கையில் விரல் வைத்து, ஃபிஸ்டுலா இயங்குவதைக் காட்டும் அந்த மெல்லிய அதிர்வு இருக்கிறதா என்று பார்த்தேன். பெரியவர், “எந்தத் தோட்டத்துப் பிள்ளைம்மா நீ?” என்று கேட்டார். பொறுப்புத் தாதிக்கு நான் எப்படி எடுத்தேன் என்பதைவிட, அவர் கேட்ட அந்தக் கேள்விதான் பிடித்திருந்தது என்று பிற்பாடு அறிந்தேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் சுயவிவரத்தில் தமிழை, கூச்சத்தோடு, கடைசி வரியில் எழுதுகிறோம். “நெஞ்சு கரிக்குது” என்பதற்கும் “நெஞ்சை அடைக்குது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உடனே பிடித்து, மலாயிலோ ஆங்கிலத்திலோ மருத்துவரிடம் தெரிவிக்கக்கூடிய தாதி, தோட்டப்புற ஊரில் கிடைப்பதற்கு அரியவர். அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். செய்முறைக் கேள்விகளுக்கும் ஆயத்தமாகச் செல்லுங்கள்: நீரிழிவு நோயாளிக்கு வியர்த்துக் கை நடுங்குகிறது, இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 3.2 மில்லிமோல் என்று குறைவாகக் காட்டுகிறது என்றால், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிப்பேன் என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையத்தில் சேர்வதற்குமுன் ஒரு கிளினிக்கில் தாதி வேலை என்று சேர்ந்த நான், ஆறு வாரங்கள் முகப்பில் எண் கொடுத்துக்கொண்டும் மாத்திரை பொட்டலம் கட்டிக்கொண்டும் இருந்தேன். காயத்துக்கு மருந்து கட்டியது இரண்டே முறை. படித்து முடித்த முதல் ஆண்டில் கைப்பழக்கம் போய்விட்டால் மீட்பது கடினம். எனவே சம்பளத்தைக் கேட்பதற்கு முன், ஒவ்வொரு ஷிப்டிலும் எனக்கு மூத்த தாதி ஒருவர் உடன் இருப்பாரா, முதல் மூன்று மாதங்களில் எனக்கு யார் கற்றுக்கொடுப்பார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், இருநூறு ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தாலும் அந்த இடம் புதியவருக்கு ஏற்றதன்று என்பது என் கருத்து.

நியமனக் கடிதத்தில் பத்திர ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் பாருங்கள். பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, இடையில் விலகினால் குறிப்பிட்ட தொகையைக் கட்டச் சொல்லும் நிபந்தனை தனியார் துறையில் வழக்கமானது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 45 மணி. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்குச் சாதாரண வேலை நாளில் அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. சேமநிதி, சொக்சோ சந்தா பிடிக்கப்படுகிறதா என்பதை முதல் சம்பளச் சீட்டிலேயே சரிபாருங்கள்.

இறுதியாக, பயணம். தோட்டத்து வரிசை வீட்டில் குடியிருப்பவர்கள், இரவு ஷிப்டை ஏற்கும் முன், ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அதே வழியில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். செம்மண் பாதையில் விளக்கு இருக்காது, மழை பெய்தால் லாரித் தடத்தில் சக்கரம் சறுக்கும், பேருந்தும் அந்நேரம் கிடைக்காது. நான் போய்ப் பார்த்தேன். மறுநாளே பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன், கொடுத்தார்கள்.