சத்திக் குளிசையைக் கவனமாகப் பயன்படுத்துவது எப்படி

லயன் காம்பராவின் அலுமாரித் தட்டிலோ பழைய பிஸ்கட் டின்னிலோ பெனடோல் அட்டையோடு சேர்ந்து, பாதி தீர்ந்த இன்னோர் அட்டையும் கிடப்பதை மலையகத்தின் பல வீடுகளில் காணலாம். சத்தியை, அதாவது வாந்தியை, நிறுத்துவதால் எல்லோரும் "சத்திக் குளிசை" என்று அழைக்கும் அந்த மருந்து பெரும்பாலும் டொம்பெரிடோன் 10 மில்லிகிராம் ஆகும். எப்போதோ யாருக்கோ வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்தபோது வாங்கிய அது, அதன் பிறகு வீட்டில் யாருக்குக் குமட்டினாலும் கைக்கெட்டும் பொருளாகிவிடுகிறது. நகரத்துப் பாமசி ஒன்றில் மருந்தாளராக இருக்கும் என்னிடம், வெறும் அட்டையைக் காட்டி "இதே மாதிரி பத்து குடுங்க" என்று கேட்பவர்கள் வராத நாள் இல்லை. டொம்பெரிடோன் கெட்ட மருந்தன்று. எழுதிக் கொடுத்த ஆளுக்கு, எழுதிய அளவில், எழுதிய நாட்களுக்கு மட்டும் அது நல்ல மருந்து. அந்த மூன்றில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறிவிடும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். 12 வயதுக்கு மேற்பட்ட, 35 கிலோகிராம் அல்லது அதற்கு மேல் எடையுள்ள ஒருவருக்கு வைத்தியர்கள் வழக்கமாக எழுதுவது ஒரு தடவைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு அதிகபட்சம் மூன்று தடவை, அதாவது 30 மில்லிகிராம் ஆகும். பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் இது தேவைப்படுவதில்லை. 2014இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம், இதயத்துக்கு ஏற்படக்கூடிய பாதிப்புகளை ஆராய்ந்த பின்னரே இந்த எல்லைகளை வகுத்தது. சாப்பாட்டுக்குப் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்கு முன்னர் இதை விழுங்க வேண்டும். சாப்பிட்ட பின் எடுத்தால் மருந்து உடலில் சேர்வது தாமதமாகும். கேஸ்ட்ரைட்டிசுக்காகப் புளிப்புத் தணிக்கும் பாணியோ சப்பும் குளிசையோ எடுப்பவர்கள் அதை இதனோடு சேர்த்து விழுங்காமல், சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது நல்லது. ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்து விழுங்கக்கூடாது. குளிசை விழுங்கிய சற்று நேரத்தில் சத்தி எடுத்துவிட்டால், போனது எவ்வளவு, உடலில் தங்கியது எவ்வளவு என்று நம்மால் கணிக்க முடியாது. ஆகவே உடனே இன்னொன்றை விழுங்காமல் அடுத்த வேளை வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்த வேளையும் தங்கவில்லையென்றால் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மருந்து உறையின் மேல் எழுதியிருப்பது புரியாவிட்டால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஆங்கிலக் கிறுக்கலில் "டி.டி.எஸ்." என்றிருந்தால் நாளுக்கு மூன்று வேளை என்றும், "பி.டி." என்றிருந்தால் இரண்டு வேளை என்றும், "எஸ்.ஓ.எஸ்." என்றிருந்தால் தேவைப்படும்போது மட்டும் என்றும் பொருள். "தேவைப்படும்போது" என்பதற்கு "எத்தனை வேண்டுமானாலும்" என்று பொருள் கொள்ளக்கூடாது. அதிலும் ஒரு நாளின் உச்ச அளவு உண்டு. அதை எத்தனை என்று கேட்டு, உறையின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வர்த்தகப் பெயர்கள் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம் என்பதால், மருந்தின் மூலப்பெயரைப் பார்க்கப் பழகுவதும் அவசியம். மூலப்பெயரால் மருந்து எழுத வேண்டும் என்று, இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்தவரான பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் வலியுறுத்தியதற்கு விலை மட்டும் காரணமன்று. தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்ததையும் நகரத்துத் தனியார் வைத்தியர் கொடுத்ததையும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மருந்தில் பலர் அறியாத பக்கம் அதுதான். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை தன் மின்னோட்டத்தை மீட்டெடுத்து அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. டொம்பெரிடோன் அந்த மீட்சி நேரத்தை நீட்டக்கூடியது. அது அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, மயக்கமும், அரிதாகத் திடீர் மரணமும் நேரலாம். 60 வயதைக் கடந்தவர்களிடமும், நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களிடமும் இந்த ஆபத்து கூடுதலாகக் காணப்பட்டது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சத்தியும் வயிற்றோட்டமும் தொடரும்போது உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, பொட்டாசியம் குறைந்த இதயமோ இந்த மருந்தின் பாதிப்புக்கு மேலும் எளிதில் ஆளாகிறது. ஆகவே நோய் எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்கு, வீட்டுக் கையிருப்பை நம்பி மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்தாகிறது. கால் வீக்கத்துக்கோ இதய நோய்க்கோ "தண்ணீர் போகும் குளிசை" என்று ஃபுரோசமைட் எடுக்கும் முதியவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனெனில் அந்தக் குளிசையும் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது.

சில மருந்துகள் டொம்பெரிடோன் உடலில் சிதைந்து வெளியேறுவதைத் தடுத்து, ஒரு குளிசையை இரண்டு மூன்று குளிசைக்குச் சமமாக்கிவிடும். இருமல், சளி, தொண்டை நோவுக்கு எழுதப்படும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளும், பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஃபுளுகொனசோல், கீட்டோகொனசோல் ஆகியவையும் இவற்றுள் முக்கியமானவை. எரித்ரோமைசின் தானே வயிற்றைக் குமட்டவைக்கும் மருந்து என்பதால், அந்தக் குமட்டலுக்கு வீட்டிலிருக்கும் சத்திக் குளிசையை எடுத்து விழுங்குவது மிக இயல்பாக நடந்துவிடுகிறது. ஒருபோதும் செய்யக்கூடாத சேர்க்கையும் அதுவே. இதய நோய் உள்ளவர்களும், ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் வைத்தியரிடம் அதைச் சொல்லாமல் இதை எடுக்கக்கூடாது. நீண்ட காலம் சாராயமோ கசிப்போ குடித்து ஈரல் கெட்டவருக்குக் காலையில் ஓங்காளம் வருவது வழக்கம். அவருக்கு இந்தக் குளிசையை மனைவியோ மகனோ அன்போடு எடுத்துக் கொடுப்பதுதான் வருத்தத்துக்குரியது. கிளினிக் கொப்பி இருப்பவர்கள் பாமசிக்கு வரும்போதும் அதைக் கையோடு கொண்டுவந்தால், எல்லா மருந்துகளையும் ஒன்றாகப் பார்த்துச் சொல்ல எங்களால் முடியும்.

இதே வரிசையில் மெட்டோகுளோப்ரமைட் என்ற இன்னொரு குளிசையும் ஊசியும் உண்டு. டொம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை, ஆனால் இது நுழைகிறது. அதனால் சிலருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கும் இளம் பெண்களுக்கும், கண் மேலே சொருகுவது, கழுத்து ஒரு பக்கமாகத் திருகுவது, தாடை இறுகுவது, நாக்கு வெளியே தள்ளுவது போன்ற பயங்கரமான தசை இறுக்கம் ஏற்படலாம். பார்ப்பவர்களுக்கு அது பேய் பிடித்ததைப் போலவே தோன்றும். திருநீறு போடுவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் திருநீறு போட்ட கையோடு, விழுங்கிய மருந்தின் அட்டையையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஓர் ஊசியிலேயே அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். மெட்டோகுளோப்ரமைட்டை ஐந்து நாட்களுக்கு மேல் எடுக்கக்கூடாது. சத்தி எடுத்துவிட்டாலும்கூட இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். காக்கை வலிப்பு உள்ளவர்களுக்கும் நடுக்கவாத நோய் உள்ளவர்களுக்கும் இது உகந்ததன்று. ஒண்டான்செட்ரோன் என்ற மூன்றாவது மருந்து இவ்வகை இறுக்கத்தை ஏற்படுத்துவது மிக அரிது என்றாலும், தலைவலியையும் மலச்சிக்கலையும் தரும். இதயத்தைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை அதற்கும் உண்டு.

பஸ்ஸில் சத்தி எடுப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் வளைவுகளிலும் ரம்பொடைப் பாதையிலும் வரும் குமட்டல், காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பிலிருந்து கிளம்புவது. டொம்பெரிடோனோ ஒண்டான்செட்ரோனோ அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. புறப்படுமுன் இரண்டு டொம்பெரிடோனை விழுங்கிவிட்டு, கண்டி போய்ச் சேருமுன் மூன்று பைகளை நிரப்பியவர்கள் மருந்தைக் குறைசொல்வதில் நியாயமில்லை. பயணத்துக்கென்றே புரோமெதசீன் போன்ற வேறு மருந்துகள் உள்ளன; அவை தூக்கத்தைத் தருபவை, ஆகவே ஆட்டோ ஓட்டுபவரும் இயந்திரத்தில் வேலை செய்பவரும் அவற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகக்கூடாது. மதுவோடு சேர்க்கவும் கூடாது. மூச்சு தடைப்படும் ஆபத்து உள்ளதால், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் புரோமெதசீன் கொடுக்கவே கூடாது. பஸ் ஏறுமுன் பிள்ளையை உறங்கவைக்கப் பாணி மருந்து கேட்கும் தாய்மாருக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சிறுபிள்ளைகளின் சத்திக்கு முதல் மருந்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளான ஜீவனிதான். பீலித் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்து, சரியாக ஒரு லீற்றர் அளந்து அதில் ஒரு பைக்கற்றை முழுவதுமாகக் கரைக்க வேண்டும். கோப்பையில் கொஞ்சம் தண்ணீர், அதில் கொஞ்சம் தூள் என்று கண் அளவில் கரைத்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்குத் தீங்கு நேரும். கரைத்ததில் மிஞ்சியதை 24 மணி நேரத்துக்குப் பின் வெளியே கொட்டிவிட வேண்டும். ஒரே மூச்சில் குடிக்கக் கொடுத்தால் மீண்டும் சத்தி வரும் என்பதால், ஓரிரு நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுத்து வர வேண்டும். இடையில் சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னைவிட மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. வைத்தியர் பிள்ளையின் எடைக்கேற்ப டொம்பெரிடோன் பாணி எழுதியிருந்தால், அதனோடு வரும் அளவுக் கோப்பையாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ மில்லிலீற்றரில் அளக்க வேண்டும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவில் ஒத்திருப்பதில்லை. மூத்த பிள்ளைக்கு எழுதியதை இளைய பிள்ளைக்குக் கொடுப்பதும், பெரியவர்களின் குளிசையை உடைத்துக் கொடுப்பதும் தவறு.

கர்ப்பிணிகளின் காலைக் குமட்டலுக்கு வீட்டுக் குளிசை வேண்டாம். படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு கிரீம் கிரேக்கர் பிஸ்கட், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி உணவு என்று முயன்று பார்த்துவிட்டு, குறையாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்; கர்ப்பத்தில் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய மருந்துகளை வைத்தியர் தெரிந்தெடுப்பார். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையால் குமட்டல் கூடினால் அதை நிறுத்தாமல், இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். தேத்தண்ணீரோடு மட்டும் அதை விழுங்க வேண்டாம். நாம் பறிக்கும் அதே தேயிலைதான் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது.

குளிசையைத் தேடக்கூடாத, நேராக வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு. சத்தியில் இரத்தமோ கோப்பித் தூள் கரைத்தது போன்ற கருநிறமோ தெரிந்தாலும், கைக்குழந்தை பச்சை நிறத்தில் சத்தி எடுத்தாலும், தலையில் அடிபட்ட பின் சத்தி தொடங்கினாலும், கழுத்து விறைத்துக் கடும் தலைவலி இருந்தாலும், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் தாமதிக்க வேண்டாம். கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்குக் காய்ச்சலோடு வீடு வந்த பிள்ளைக்கு, மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் இறங்கும்போது வயிற்று நோவும் இடைவிடாத சத்தியும் வந்தால், அது டெங்கு முற்றுவதன் அறிகுறியாக இருக்கலாம். சத்தியை மட்டும் அடக்கினால் அந்த அறிகுறி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். தேயிலை மலையில் பூச்சி மருந்தடித்துவிட்டு வந்தவர் சத்தி எடுத்து, வியர்த்து, எச்சில் வடித்து, கண்மணி சுருங்கிக் காணப்பட்டால், உடைகளைக் களைந்து உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். அடித்த மருந்தின் போத்தலையோ லேபலையோ உடன் அனுப்புங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர் உணவு தங்காமல் சத்தி எடுத்தாலும், இன்சுலினைத் தாமாக நிறுத்திவிடாமல் அன்றே வைத்தியரைக் காண வேண்டும்.

டொம்பெரிடோன் எடுக்கும் நாட்களில் நெஞ்சு படபடத்தாலோ மயக்கம் வந்தாலோ அடுத்த குளிசையை விழுங்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிவதும், மாதவிடாய் தள்ளிப்போவதும், ஆண்களுக்கு மார்பு வீங்குவதும் இம்மருந்தால் நேரக்கூடியவை. வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால், வைத்தியர் மருந்தை நிறுத்துவதா மாற்றுவதா என்று முடிவு செய்வார்.

நம் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் பயந்து குளிசைகளை அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஈரத்தைப் போலவே சூடும் புகையும் மருந்தைக் கெடுக்கும். இறுக்கமாக மூடிய டப்பாவில், அடுப்புக்குத் தூரமாக, பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். அட்டையை வெட்டிப் பங்கிடும்போது பெயரும் காலாவதித் திகதியும் இல்லாத துண்டுதான் பெரும்பாலும் வீட்டில் மிஞ்சுகிறது. அப்படி மிஞ்சியது இப்போது உங்கள் வீட்டிலும் இருந்தால், அடுத்த முறை நகரத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து மருந்தாளரிடம் காட்டுங்கள்; அது என்ன மருந்து என்று உறுதியாகத் தெரியாதவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.