நூறாண்டுக்கு முந்தைய கால்பந்து சீசனைப் படிப்பது எப்படி?

1911 நவம்பர் 11. கார்லைல் 18, ஹார்வர்டு 15. பழைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கென்று (நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுதிய முதல் ஆட்டம் இது. அதையே தப்பாக எழுதினேன்.

பூர்வகுடி மாணவர்களின் உறைவிடப் பள்ளியான கார்லைலின் ஜிம் தோர்ப் அன்று நான்கு ஃபீல்டு கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்தார். ஒன்றுக்கு 3 வீதம் 12. மிச்சம் 6. டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) ஒன்றுக்கு 6 புள்ளிதானே, அதற்குப் பிறகான கூடுதல் உதை தவறியிருக்கும் என்று குறித்துக்கொண்டேன். கூட்டல் சரி, ஆட்டம் தப்பு. 1911-ல் டச்டவுனுக்கு 5 புள்ளிதான். ஆறாவது புள்ளி அந்த உதையில் வந்தது. கணக்கு இடித்திருந்தால் அன்றே விழித்திருப்பேன். இடிக்காததால் அந்த வரி பல மாதம் அப்படியே கிடந்தது.

ஆகவே முதல் வேலை, ஸ்கோரைத் தொடும் முன் அந்த ஆண்டின் விதியை எழுதிக்கொள்வது. டச்டவுன் 1898 முதல் 5, 1912 முதல் 6. ஃபீல்டு கோல் முதலில் 5, 1904-ல் 4, 1909-லிருந்து 3. சேஃப்டி (பந்தோடு இருப்பவரை அவரது சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்குவது) 2, டச்டவுனுக்குப் பிந்தைய உதை 1. 1903-ல் ஓர் ஆட்டம் 5–0 என்றிருந்தால் அது டச்டவுனா ஃபீல்டு கோலா என்று ஸ்கோரை வைத்துச் சொல்லவே முடியாது. அந்த ஒற்றைப் புள்ளி உதையும் இன்றைப்போல நேர் எதிரே நின்று அடிப்பதல்ல. டச்டவுன் ஓரமாக விழுந்தால் உதையும் அந்த ஓரத்துக்கு நேராகத்தான். இல்லையென்றால் பந்தை உதைத்து வெளியே அனுப்பி, சக வீரர் பிடித்த இடத்திலிருந்து அடிக்க வேண்டும். தவறிய உதைகள் அத்தனை இருப்பதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் 1906 என்ற எல்லைக்கோடு. முரட்டு ஆட்டம் பெரிய பிரச்சினையாகி, 1905 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அந்த சீசனின் மரணங்களும் சேர, அடுத்த ஆண்டு முன்னோக்கி வீசும் பாஸ் சட்டப்படி வந்தது. மூன்று டவுனில், அதாவது மூன்று முயற்சியில், 5 யார்டு முன்னேற வேண்டும் என்றிருந்தது 10 யார்டு ஆனது. நான்காவது டவுன் 1912-ல்தான். மைதானமும் அதுவரை 110 யார்டு. இன்றைய ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கும்.

சீசனின் மொத்தப் புள்ளிகளைப் பார்த்து மயங்காதீர்கள். 1901-ல் மிச்சிகன் 11 ஆட்டத்தில் 550 புள்ளி எடுத்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பிரமாதமான அணிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 550-ல் 128 பஃபலோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் வந்தது. கடைசி ஆட்டம் பாசடீனாவில், 1902 புத்தாண்டு அன்று ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 49–0. முழு நேரம் முடியும் முன்பே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டது. பலவீனமான அணி வந்தால் இரு தரப்பும் பேசி நேரத்தைக் குறைத்துக்கொள்வதும் அப்போது வழக்கம். ஆகவே ஸ்கோருக்குப் பக்கத்தில் எத்தனை நிமிட ஆட்டம் என்று ஒரு பத்தி (நெடுவரிசை) வையுங்கள்.

தேதிக்கும் ஊருக்கும் தனிப் பத்தி. சீசன் செப்டம்பரில் சின்ன அணிகளோடு தொடங்கி, நவம்பரில் இறுகி, பெரும்பாலும் நவம்பர் கடைசி வியாழனான நன்றி நவிலல் நாளோடு முடியும். கார்லைலின் பெரிய ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில். டிக்கெட் வசூல் அங்கேதான். ஹார்வர்டை வென்ற ஏழாம் நாள் சிரக்யூஸிடம் 12–11 என்று தோற்றார்கள். அந்த சீசனின் ஒரே தோல்வி. தேதிகளை வரிசையாக எழுதினால்தான் இது கண்ணில் படும்.

நாளிதழ்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பு இலவசம். இரண்டு ஊர்ப் பத்திரிகையையும் படியுங்கள். சட்டையில் எண் கிடையாது. சேறு பூசிய பிறகு யார் டச்டவுன் போட்டது என்பதில் நிருபர்களே அடித்துக்கொள்வார்கள். கார்லைல் என்றால் இன்னொரு தொல்லை: கோடாரி, போர்முரசு என்று பூர்வகுடி வீரர்களைக் கேலி செய்யும் வரிகளைத் தாண்டித்தான் ஆட்டத்தைத் தேட வேண்டும். பூர்வகுடிக் குழந்தைகளின் மொழியையும் வழக்கத்தையும் அழிக்கவென்றே அரசு 1879 முதல் 1918 வரை நடத்திய உறைவிடப் பள்ளி அது. மாணவர் ஆவணங்களை டிக்கின்சன் கல்லூரி இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்கோரை மட்டும் எடுத்துக்கொண்டு வராமல் அவற்றையும் திறந்து பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்டின் 1910 சீசனைத் தேடுகிறீர்களா? கிடைக்காது. அங்கே அப்போது ஆடியது ரக்பி. 1906-ல் மாறிவிட்டார்கள்.

என் நோட்டில் 1911-க்கும் 1912-க்கும் நடுவே இப்போது சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கிறது. கார்லைல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அதன் அணியை 27–6 என்று வென்ற ஆட்டம் கோட்டுக்கு 1912 பக்கம். அதில் டச்டவுனுக்கு ஆறு.