கைக்கடிகாரத்தில் கிழமையும் தேதியும் சரியாக வைக்கும் முறை

பேட்டரி மாற்றிக்கொண்டு வந்த கடிகாரம் மணியைச் சரியாகக் காட்டும். ஆனால் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் தேதி ஒன்று கூடியிருக்கும். கடிகாரம் பழுதாகிவிட்டது என்று பலரும் அப்போது நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதில் எந்தப் பழுதும் இல்லை. முள் வைத்தவர் காலை எது, இரவு எது என்று பார்க்காமல் வைத்துவிட்டார், அவ்வளவுதான். டயலில் காலை 10 மணியும் இரவு 10 மணியும் ஒன்றுபோலத்தான் தெரியும். டயலுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரங்களுக்கோ அவை இரண்டும் வேறு வேறு நேரங்கள். ஆகவே முள் எந்த அரைநாளில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தேதியில் கை வைக்கக் கூடாது. கிழமை, தேதி வைக்கும் வேலையில் பெரும்பகுதி இதைத் தெரிந்துகொள்வதுதான்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். மணி முள்ளைச் சுமக்கும் சக்கரம் 12 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதனுடன் பிணைந்த இன்னொரு சக்கரம் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று வருகிறது. இந்த இரண்டாவது சக்கரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய நாக்கு ஒன்று, இரவு 9 அல்லது 10 மணி வாக்கில், தேதி அச்சிட்ட வளையத்தின் 31 பற்களில் ஒன்றைத் தொட்டு மெல்லத் தள்ளத் தொடங்குகிறது. வளையத்தை அசையவிடாமல் பிடித்திருக்கும் மெல்லிய வில் நள்ளிரவையொட்டி வழிவிட, அடுத்த எண் டயலில் தேதி தெரியும் சிறு ஜன்னலுக்கு வந்து சேர்கிறது. கிழமைத் தட்டு பெரும்பாலும் அதற்குப் பிறகே நகரும். கிழமையை இரு மொழிகளில் காட்டும் கடிகாரங்களில் அந்தத் தட்டுக்கு ஏழு இடங்கள் போதாமல் பதினான்கு இடங்கள் இருக்கின்றன. அதனால் நள்ளிரவுக்குப் பின் மற்ற மொழிப் பெயர் ஒன்று ஜன்னலைக் கடந்து போன பிறகே நாம் தேர்ந்தெடுத்த மொழியில் கிழமை வந்து நிற்கும். இரவு ஒரு மணிக்கு விழித்துப் பார்த்து, கிழமை வேறு மொழியில் இருக்கிறதே என்று பதற வேண்டியதில்லை. விடிவதற்குள் அது தானாகவே சரியாகிவிடும்.

நாக்கு பல்லோடு பிணைந்திருக்கும் அந்த நேரத்தில் நாம் கடிகாரத்தின் பக்கவாட்டில் இருக்கும் குமிழைத் திருகித் தேதியை விரைவாக மாற்றினால், இரண்டு விசைகள் ஒரே பல்லில் மோதும். இந்த உறுப்புகள் மிக நுண்ணியவை. சில கடிகாரங்களில் அவை பிளாஸ்டிக்கால் ஆனவையும்கூட. நாக்கு வளையலாம், பல் ஒடியலாம், அல்லது எதுவும் ஒடியாமல் தேதி மட்டும் அன்றிரவு மாறாமல் போகலாம். அதனால்தான் கடிகாரத்தோடு வரும் கையேடுகள் இரவு 9 மணிக்கும் அதிகாலைக்கும் இடையில் தேதியைத் தொட வேண்டாம் என்கின்றன. இந்த வரம்பு மாடலுக்கு மாடல் சற்று மாறும். எந்தக் கடிகாரமானாலும் இரவு 9 முதல் அதிகாலை 5 வரை தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் கையேட்டைத் தேடி அலைய வேண்டியிருக்காது. இங்கே சொல்லும் மணி முள் காட்டும் மணி. நீங்கள் பட்டப்பகலில் உட்கார்ந்து தேதி வைத்தாலும், நின்றுபோன கடிகாரத்தின் முள் இரவு 11 மணியில் நின்றிருக்கலாம்.

இனி குமிழைப் பார்ப்போம். வேலையைத் தொடங்குமுன் கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள். கையில் கட்டியபடியே இழுத்தால் குமிழின் தண்டு கோணலாக வளைய வாய்ப்புண்டு. இடது கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கைப் பெருவிரல் நகத்தைக் குமிழின் அடியில் கொடுத்து நேராக வெளியே நெம்ப வேண்டும். முதலில் ஒரு சிறிய 'டக்' விரலுக்குத் தெரியும். அதுதான் முதல் நிலை, தேதிக்கும் கிழமைக்கும் உரியது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் இரண்டாவது 'டக்' வரும். அது முட்களைத் திருப்புவதற்கான நிலை. முதல் நிலை மிகக் குறுகியது என்பதால் அவசரத்தில் இழுப்பவர்கள் அதைத் தாண்டி நேரே இரண்டாம் நிலைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாக உள்ளே தள்ளினால் போதும். நீருக்குள் அணிவதற்கான கடிகாரங்கள் பலவற்றில் குமிழ் மரைபோட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதை முதலில் இடஞ்சுழியாகத் திருகித் தளர்த்திய பிறகே இழுக்க வரும். ஈரக் கையோடு இந்த வேலை எதையும் செய்யாதீர்கள்.

பேட்டரி இல்லாமல் கையின் அசைவிலேயே ஓடும் தானியங்கிக் கடிகாரம் பெரும்பாலும் 40 மணி நேரம் அளவுக்குத்தான் கழற்றி வைத்த நிலையில் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை மேசையில் வைத்தது திங்கட்கிழமை காலையில் நின்றிருப்பதற்கு அதுதான் காரணம். அதற்கு முதலில் உயிர் கொடுத்துவிட்டுத் தேதி வைக்க வேண்டும். சீக்கோவின் 4ஆர்36 போன்ற இயந்திரங்களுக்குக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கலாம். அதற்கு முந்தைய 7எஸ்26 சாவியை ஏற்காது, அரை நிமிடம் பக்கவாட்டில் ஆட்டித்தான் ஓட்ட வேண்டும். உங்கள் சீக்கோவில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் பின்மூடியில் பொறித்திருக்கும் குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளைப் பாருங்கள்.

இன்று புதன்கிழமை, தேதி 14, மணி மாலை 4.20 என்று வைத்துக்கொள்வோம். முதலில் குமிழை இரண்டாம் நிலைக்கு இழுத்து, தேதி மாறும்வரை முட்களை முன்னோக்கித் திருப்புங்கள். ஜன்னலில் எண் மாறும் இடம்தான் நள்ளிரவு. அது சரியாக 12-இல் மாறாமல் சில நிமிடங்கள் முன்பின்னாக மாறினாலும் கவலையில்லை. நிறுத்தாமல் தொடர்ந்து காலை 6.30 வரை கொண்டுபோங்கள். கிழமையும் நகர்ந்து முடிந்திருக்கும், நாக்கும் பல்லை விட்டு விலகியிருக்கும். இப்போது குமிழை முதல் நிலைக்குத் தள்ளி, ஒரு பக்கம் திருகித் தேதியை 13 ஆகவும், மறு பக்கம் திருகிக் கிழமையைச் செவ்வாயாகவும் வையுங்கள். எந்தப் பக்கத்துக்கு எது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு முறை மெதுவாகத் திருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மொழியை இப்போதே தேர்ந்துகொள்ளலாம். பல கடிகாரங்களில் ஞாயிறு சிவப்பில் அச்சிடப்பட்டிருப்பதால், அதிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் தெரியாத மொழியிலும் கிழமை தவறாது.

பிறகு மறுபடியும் இரண்டாம் நிலைக்கு இழுத்து முட்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். நண்பகல் கடக்கும், தேதி அசையக் கூடாது. நள்ளிரவு வரும், 13 நகர்ந்து 14 ஆகும், சற்று நேரத்தில் கிழமை புதனாகும். அதற்குப் பின் இன்னொரு நண்பகலையும் கடந்து 4.20-க்கு வந்து நிறுத்துங்கள். நொடி முள் நிற்கும் வகையானால், அது 12-ஐத் தொடும்போது குமிழை இழுத்து வைத்துக்கொண்டு, கைபேசியில் நிமிடம் மாறும் நொடியில் உள்ளே தள்ளலாம். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் நிமிட முள்ளை நான்கைந்து நிமிடம் முன்னே கொண்டுபோய்ப் பின்னே கொண்டுவந்து நிறுத்தினால், பற்களுக்கிடையே உள்ள தளர்வு நீங்கி முள் துல்லியமாக நிற்கும்.

காலை 6.30 என்று தெரிந்துவிட்ட பிறகு நேரடியாகவே 14, புதன் என்று வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், தவறில்லை. ஆயினும் முந்தைய நாளை வைத்து நள்ளிரவைக் கடக்கச் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். தேதியும் கிழமையும் தாமாக மாறுவதைக் கண்ணால் பார்த்துவிடுவதால், மதியம் மாறுமோ என்ற ஐயமும் இருக்காது, மாற்றும் உறுப்புகள் நலமாக இருக்கின்றனவா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இன்று அதிகாலை 3 மணி என்றாலும் இதே முறை பொருந்தும். மாதத்தின் முதல் தேதியில் வைப்பவர்கள் மட்டும், முந்தைய மாதம் 30-இல் முடிந்திருந்தாலும் ஜன்னலில் 31-ஐத்தான் வைக்க வேண்டும். வளையத்தில் 31-க்கு அடுத்துத்தான் 1 இருக்கிறது.

நிற்காமல் ஓடும் கடிகாரத்துக்கும் ஆண்டுக்கு ஐந்து முறை கை வைத்தாக வேண்டும். மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் மாதங்களின் முதல் நாள் காலையில் அது 31 என்று காட்டும். தேதியை ஓர் எண் தள்ளினால் போதும். மார்ச் முதல் தேதியன்று 29 என்று காட்டினால் மூன்று முறையும், நெட்டாண்டில் 30 என்று காட்டினால் இரண்டு முறையும் தள்ள வேண்டும். கிழமையைத் தொட வேண்டாம். மாதம் எத்தனை நாளில் முடிந்தாலும் வாரத்துக்கு ஏழு நாள்தான். காலை எட்டு மணிக்குச் செய்தால் முட்களையும் தொட வேண்டியதில்லை. பிப்ரவரியை மட்டும் நம்மிடம் விட்டுவிடும் ஆண்டு நாட்காட்டிக் கடிகாரத்தை சுவிஸ் நிறுவனமான பட்டேக் பிலிப் 1996-இல் கொண்டுவந்தது. நெட்டாண்டையும் கணக்கில் கொள்ளும் நிரந்தர நாட்காட்டிக் கடிகாரங்கள் பெரும்பாலும் 2100-ஆம் ஆண்டுவரை திருத்தம் கேட்காது. அவை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பின்பற்றாமல் அவற்றின் கையேட்டைப் பின்பற்றட்டும்.

எல்லாக் கடிகாரமும் மேலே சொன்னபடி அமைந்திருக்காது. பழைய சீக்கோ 6119 வகையில் குமிழை இழுக்காமல் உள்ளே அழுத்த வேண்டும். இலேசாக அழுத்தினால் தேதியும், ஆழமாக அழுத்தினால் கிழமையும் மாறும். ஓரியன்ட்டின் 469 வரிசையில் தேதியைக் குமிழ் மாற்றும். கிழமைக்கு 2 மணிக்கு நேரே தனிப் பொத்தான் இருக்கும். சிறு வட்டத்துக்குள் ஒரு முள் கிழமையைக் காட்டும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பலவற்றில் கிழமைக்கென்று குறுக்குவழியே கிடையாது. முட்களை ஒரு முழுநாள் சுற்றினால்தான் அது ஒரு நாள் நகரும். அவற்றில் முதலில் கிழமையை வைத்துவிட்டுத் தேதியைப் பிறகு வைக்க வேண்டும். வரிசையை மாற்றினால், கிழமைக்காகச் சுற்றும் ஒவ்வொரு நள்ளிரவும் தேதியையும் தள்ளிக்கொண்டு போகும். குறுக்குவழி எதுவுமே இல்லாத பழைய கடிகாரங்களில் நள்ளிரவைக் கடந்து, இரவு 8 மணிவரை பின்னோக்கி வந்து, மீண்டும் நள்ளிரவைக் கடந்தால் தேதி ஒவ்வொன்றாக ஏறும். முரண்டு பிடிப்பதாகத் தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். இந்த முன்பின் ஓட்டத்தை மற்றக் கடிகாரங்களில் செய்ய வேண்டாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கிழக்கே சிங்கப்பூர் போனால் இரண்டரை மணி நேரம் முன்னோக்கித் திருப்புகிறோம், அதில் சிரமமில்லை. மேற்கே துபாயில் இறங்கும்போது நம் கடிகாரத்தில் இரவு 12.40 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 11.10. முள்ளை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினாலும், ஏறிய தேதி பெரும்பாலான கடிகாரங்களில் இறங்காது; சிறிது நேரத்தில் மறுபடி நள்ளிரவு வந்து இன்னொரு நாளையும் கூட்டிவிடும். அந்த நேரத்தில் விமான நிலையத்தில் நின்று அதோடு போராடுவதைவிட, முள்ளைத் தொடாமல் உறங்கி எழுந்து, காலையில் நேரத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. அப்போது தேதி சரியாகவே இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் எண் ஜன்னலின் நடுவில் நிற்காமல் பாதி தெரிந்துகொண்டிருந்தால், முதலில் மணியைப் பாருங்கள். இரவு 11 மணிக்கு அப்படித் தெரிவது இயல்பு. நண்பகலிலும் அப்படியே இருந்தாலோ, குமிழைத் திருகும்போது தேதி நகராமல் வெறுமனே சுழன்றாலோ, தேதி மாறிக் கிழமை மட்டும் இரண்டு மூன்று நாளாக அதே இடத்தில் நின்றாலோ, பல்லோ நாக்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்குமேல் திருகாமல் குமிழை உள்ளே தள்ளிவிட்டு, பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். மரை உள்ள குமிழானால் அழுத்திப் பிடித்தபடி வலஞ்சுழியாக இறுக்கிய பிறகே கொண்டுபோங்கள்; திறந்த குமிழின் வழியே வியர்வை புகுந்துவிட்டால், தேதிக்காகக் கொண்டுபோன கடிகாரத்துக்கு முழு இயந்திரத்தையும் பிரிக்கிற செலவு வந்து சேரும்.