அரசாங்க ஊழியரின் தவற்றால் நட்டமா? யார்மேல் கேஸ் போடுவது?

புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறித்த கூழாங்கல் மச்சானின் லாரிக் கண்ணாடியைச் சிலந்திவலை மாதிரி ஆக்கிவிட்டது. "கவர்மெண்ட் மேல கேஸ் போட முடியாதுண்ணே" என்றார்கள் காப்பிக்கடையில். முடியும். சிங்கப்பூரின் 1956ஆம் ஆண்டு கவர்மெண்ட் புரொசீடிங்ஸ் சட்டம், 5ஆம் பிரிவு: அரசாங்க ஊழியர் வேலையில் தவறிழைத்தால், தனியார் முதலாளி போலவே அரசாங்கமும் பொறுப்பு.

படி 1: படம், தேதி, நேரம். வேலையாளின் சட்டையில் உள்ள நிறுவனப் பெயரையும் படமெடுங்கள். ஏன் என்று பிறகு புரியும்.

படி 2: எதிராளி யார்? நான் சறுக்கியது இங்கேதான். தலைமைச் சட்ட அதிகாரிக்கு (அட்டர்னி ஜெனரல்) கடிதம் எழுதி மூன்று வாரம் வீண். அமைச்சு, போலீஸ், குடிமைத் தற்காப்புப் படை என்றால்தான் அவர் பெயரில் வழக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), தேசியப் பூங்காக் கழகம், நிலப் போக்குவரத்து ஆணையம் எல்லாம் ஆணைபெற்ற கழகங்கள், அதாவது தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அமைப்புகள். அவற்றின் பெயரிலேயே வழக்குப் போட வேண்டும். நகர மன்றமும் அப்படித்தான்.

சந்தேகமா? சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன் என்ற சட்டத் தளத்தில் அந்தக் கழகத்தின் சட்டத்தைத் திறந்து, 'சூ அண்ட் பி சூட்' (வழக்குப் போடலாம், அதன் மேலும் போடலாம்) என்ற சொற்களைத் தேடுங்கள். இலவசம். வக்கீல் நிறுவனங்களின் விளக்கப் பக்கங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மச்சான் விஷயத்தில் இன்னொரு முடிச்சு: புல் வெட்டியவர் கழகத்தின் ஊழியரே இல்லை, குத்தகையாளரின் ஆள். தனிக் குத்தகையாளரின் கவனக்குறைவுக்கு வேலை கொடுத்தவர் பொதுவாகப் பொறுப்பில்லை. அந்தச் சட்டைப் படம்தான் கைகொடுத்தது. குத்தகையாளரின் காப்புறுதியிலிருந்து காசு வந்தது.

படி 3: காலக்கெடு. கவனக்குறைவால் உடற்காயம் என்றால் பொதுவாக 3 ஆண்டு, பொருள் சேதத்துக்கு 6.

படி 4: எந்த நீதிமன்றம்? 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அதற்கு மேல் 250,000 வரை மாவட்ட நீதிமன்றம்.

ஒன்று மட்டும்: அரசாங்கத்துக்கு எதிராகத் தடையுத்தரவு கேட்காதீர்கள், சட்டத்தில் இடமில்லை. உரிமை இன்னாருக்கு என்று நீதிமன்றம் அறிவிக்கலாம், அவ்வளவே. ஜெயித்தாலும் அரசாங்கச் சொத்தை ஜப்தி செய்ய முடியாது.

பிற்சேர்க்கை: மகன் தேசிய சேவையில் (கட்டாயப் படைச் சேவை) இருக்கும் வாசகி ஒருவர், அங்கே காயம்பட்டால் கேஸ் போடலாமா என்று கேட்டிருந்தார். அக்கா, அங்கே அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பணியிலிருக்கும் படைவீரரால் பணியிலிருக்கும் இன்னொரு படைவீரருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், அந்தப் பிரிவின் நிபந்தனைகள் பொருந்தும்போது அரசாங்கத்தின் மீது இழப்பீட்டு வழக்கு நிற்காது. சேவை தொடர்பான இழப்பீட்டுத் திட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முதலில் வக்கீலைப் பாருங்கள், என் பதிவை நம்பி இறங்காதீர்கள்.