நாய்க்குட்டி வருமுன் வீட்டை ஆயத்தம் செய்வது எப்படி? டர்பன் வீடுகளுக்கான செய்முறை

எங்கள் முதல் நாய்க்குட்டி மணி எங்களோடு இருந்தது எட்டே நாள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த கையோடு, பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று அவனைக் கூட்டிவந்துவிட்டோம். ஐந்தாம் நாள் உணவைத் தொடவில்லை. ஆறாம் நாள் வாந்தி, இரத்தக் கழிச்சல். பார்வோ என்றார் மருத்துவர்; குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்றுநோய். அவனைப் புதைத்த பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: எங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் குட்டியும் இதே முற்றத்தில், இதே போல இறந்ததாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நிழலும் ஈரமுமான இடத்தில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் மணி பிழைத்திருப்பான்.

எங்கள் அடுத்த குட்டி சீனி வந்து இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவள் வருவதற்கு முன் ஒரு மாதம் முழுக்க வீட்டை ஆயத்தம் செய்தோம். அதைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடைக்குப் போவது இதில் நான்காவதாகத்தான் வருகிறது. முதல் மூன்றையும் முடிக்காமல் தயவுசெய்து கடைக்குப் போகாதீர்கள்.

படி 1: நாள் குறியுங்கள்

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக்கூடத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது. சாலையோரத்தில் அட்டைப்பெட்டியில் வைத்து விற்கப்படும் ஐந்து வாரக் குட்டியைப் பார்த்தால் மனம் இளகும். ஆனாலும் வாங்காதீர்கள், விலங்குக் காப்பகங்களில் நல்ல குட்டிகள் காத்திருக்கின்றன.

அடுத்து, வெடிச்சத்தம். நம் பகுதிகளில் தீபாவளிக்கு வெடிப்பார்கள். நவம்பர் 5 அன்று ‘கை ஃபாக்ஸ்’ எனும் ஆங்கிலேயக் கொண்டாட்டத்தின் வெடி. டிசம்பர் 31 இரவு மறுபடியும். எட்டிலிருந்து பத்து வாரம் வரை குட்டியின் மனத்தில் அச்சம் ஆழமாகப் பதியும் பருவம். அந்த வயதில் வானம் வெடிப்பதைக் கேட்ட நாய், பல ஆண்டுகள் கழித்தும் கட்டிலுக்கடியில் ஒளியும். ஆகவே அக்டோபரிலிருந்து புத்தாண்டு முடியும் வரை குட்டி கொண்டுவர வேண்டாம் என்பேன். சீனியை ஜூன்-ஜூலை குளிர்காலப் பள்ளி விடுமுறையில் அழைத்துவந்தோம். வெயிலும் குறைவு, உண்ணியும் குறைவு, வீட்டில் எப்போதும் ஆள் இருந்தார்கள். முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் பகலில் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் நாளைத் தள்ளிப்போடுங்கள்.

படி 2: தரையில் தவழுங்கள்

ஒவ்வோர் அறையிலும் முழங்காலிட்டு, குட்டியின் உயரத்திலிருந்து பாருங்கள். நின்றால் கண்ணில் படாதவை எல்லாம் தெரியும்: தொலைக்காட்சிக்குப் பின்னால் தொங்கும் மின்கம்பி, சோபாவுக்கடியில் கிடக்கும் பொத்தான், குழந்தையின் சாக்ஸ், பாட்டியின் மாத்திரை ஒன்று. குட்டிக்குக் கைகள் கிடையாது. எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் வாயில்தான் வைக்கும். மின்கம்பிகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள், குப்பைத்தொட்டிக்கு மூடி போடுங்கள், செருப்பைத் தட்டில் ஏற்றுங்கள்.

பூசையிடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலக் குறிப்புகள் எதிலும் அது இருக்காது. தரையில் குத்துவிளக்கு வைக்கும் வழக்கம் இருந்தால் அதை உயரத்துக்கு மாற்றுங்கள். எண்ணெய் வாசனைக்குக் குட்டி நேராக அங்கேதான் போகும். கற்பூரம் நாய்க்கு நஞ்சு. விழுங்கினால் வலிப்பு வரும். டப்பாவை இறுக மூடி உள்ளே வையுங்கள். நைவேத்தியத்தில் உலர்திராட்சை இருந்தால் அதுவும் உயரத்தில் இருக்கட்டும். திராட்சை, பச்சையானாலும் உலர்ந்தாலும், நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் கெடும் என்று அளவு சொல்ல முடியாததால் ஒன்றுகூட வேண்டாம்.

சமையலறையில் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே கறிக் குழம்பு ஊற்றிய சோறோ, பன்னி சௌவில் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் டர்பன் உணவு) மிச்சமான குழம்பு ஊறிய ரொட்டியோ குட்டிக்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். சாக்லேட், மக்கடாமியா பருப்பு, சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலை நாய்க்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். இந்தப் பட்டியலை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். வீட்டுக்கு வரும் ஆயா, சித்தப்பா எல்லோரும் அன்பினால் ஒரு வாய் ஊட்டத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்காகத்தான் அந்தத் தாள்.

படி 3: முற்றம்

மணியை இழந்தது இங்கேதான் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விசாரியுங்கள். உங்கள் முற்றத்திலோ அண்டை வீட்டிலோ அண்மையில் குட்டி ஏதாவது நோயுற்று இறந்ததா? ஆம் என்றால் சிமெண்டுத் தரை, ஓடு, படிக்கட்டு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ஜிக் ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது, அதனால் கழுவுவது முந்த வேண்டும். மண்ணையும் புல்லையும் இப்படிச் சுத்தம் செய்ய இயலாது. அங்கே தடுப்பூசிகள் எல்லாம் முடியும் வரை குட்டியை இறக்கக் கூடாது. நாங்கள் பின்வாசலில் கழுவிய சிமெண்டுத் தரையை மட்டும் பலகையால் தடுத்துச் சீனிக்கு ஒதுக்கினோம்.

அடுத்து வேலியும் கேட்டும். திருடனுக்காகப் போட்ட இரும்புக் கம்பிகளின் இடைவெளியில் எட்டு வாரக் குட்டி சுலபமாக நுழைந்துவிடும். கீழிருந்து முழங்கால் உயரத்துக்குக் கம்பிவலை கட்டுங்கள். மோட்டாரில் ஓடும் கேட் அதைவிட ஆபத்து. கார் உள்ளே வரும் சத்தம் கேட்டதும் குட்டி ஓடிவரும், கேட்டும் அப்போதுதான் நகரும். எங்கள் வீட்டில் ஒரே விதி: குட்டி யார் கையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ரிமோட்டைத் தொடக் கூடாது.

செடிகளில் அரளியை முதலில் பாருங்கள். பூசைக்கென்று நம் வீடுகளில் செவ்வரளியும் மஞ்சள் அரளியும் வளர்க்கிறோம். இரண்டிலும் இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. முதல் நாள் ஊதாவாகப் பூத்து, மறுநாள் வெளிறி, மூன்றாம் நாள் வெள்ளையாகும் ஒரு புதர் டர்பன் தோட்டங்களில் நிறைய உண்டு. மணமும் அழகும் நிறைந்தது. ஆனால் அதன் காய் குட்டிகளுக்குக் கடுமையான வலிப்பைக் கொண்டுவரும். வாசலில் அழகுக்கு வைக்கும் பனைபோலிருக்கும் சைகஸ் செடியின் விதை கல்லீரலைக் கெடுக்கும். வெட்ட மனம் வராவிட்டால் சுற்றிலும் வலை போடுங்கள், உதிர்ந்ததைத் தினமும் பெருக்குங்கள். எங்கள் அரளி ஆயா நட்டது. அதை வெட்டவில்லை, வேலிக்கு வெளியே விட்டு வலையை உள்ளே தள்ளிக் கட்டினோம்.

நத்தைக்குத் தூவும் மருந்தைத் தோட்டத்திலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். அது நாய்த்தீனிபோல மணக்கும். எலிக்கென்று தெருவில் பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கும் கறுப்புக் குறுணையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது வயலுக்கென்று செய்த கொடிய பூச்சிமருந்து. சோவெட்டோவின் நலேடியில் 2024 அக்டோபரில் ஆறு குழந்தைகளைக் கொன்ற டெர்புஃபாஸ் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

விறகுக் குவியல், உடைந்த ஓடு, பழைய பலகை ஆகியவற்றை அகற்றுங்கள். எலி தங்கும், எலிக்காகப் பாம்பு வரும். இங்குள்ள மொசாம்பிக் நாகம் எதிரியின் கண்ணைக் குறிபார்த்து நஞ்சைத் துப்பும். குட்டியின் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். குரங்குக் கூட்டம் வரும் பகுதியென்றால் குட்டியை முற்றத்தில் தனியாக விடவே கூடாது; குட்டியோடு வரும் தாய்க்குரங்கு கடிக்கத் தயங்காது. புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். உண்ணி புல்நுனியில்தான் காத்திருக்கிறது.

படி 4: வாங்க வேண்டியவை

எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, தண்ணீருக்கு ஒன்று, தீனிக்கு ஒன்று. பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கடித்துத் துண்டுகளை விழுங்கிவிடும். இலேசான கழுத்துப்பட்டை, அதில் உங்கள் கைபேசி எண் பொறித்த தகடு, மார்புப்பட்டை, நடத்திச் செல்லும் வார். வளர்ந்த பிறகும் நின்று திரும்பிப் படுக்கும் அளவுள்ள கூண்டுப்பெட்டி ஒன்று; பெரிதாக இருந்தால் அட்டையால் தடுத்து இடத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் சிறுநீர் கழிக்கும். படுக்கைக்கு விலையுயர்ந்த மெத்தை வேண்டாம், பழைய போர்வைகள் நான்கு போதும். எல்லாம் துவைக்க வேண்டிவரும். பழைய செய்தித்தாள்களைச் சேர்த்துவையுங்கள். தரையைத் துடைக்க அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடை போலவே இருப்பதால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பிவரும்.

தீனியில் சிக்கனம் பார்க்காதீர்கள். குட்டிகளுக்கென்று தயாரித்த தீனியே வேண்டும். மீலி எனும் சோளமாவுக் கூழும் குழம்பும் ஊற்றி வளர்த்த நாய்கள் நம் பாட்டனார் காலத்தில் இருந்தன, உண்மைதான். ஆனால் வளரும் எலும்புக்கு அது போதாது. குட்டி இதுவரை தின்ற தீனி என்ன என்று கேட்டு அதையே முதலில் வாங்குங்கள். மாற்றுவதென்றால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை.

புரட்டாசியில் வீட்டில் இறைச்சி புழங்காது என்பவர்கள் இதைப் பற்றி முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். விரதம் நமக்கு, வளரும் குட்டிக்கு அதன் உணவை நிறுத்துவது தகாது. எங்கள் வீட்டில் அந்த மாதம் தீனி மூட்டை வெளித்திண்ணை அலமாரிக்குப் போகிறது, சீனி அங்கேயே சாப்பிடுகிறாள். மாமியாருக்கும் மனநிறைவு.

படி 5: மருத்துவரை முன்பே பாருங்கள்

குட்டி வருமுன்பே ஒரு கால்நடை மருத்துவரிடம் நாள் வாங்கிவிடுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று கேட்டு எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பார்வோ முதலியவற்றுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். ஒன்று போட்டாயிற்றே என்று நிறுத்தினால் பாதுகாப்பு இல்லை.

வெறிநோய் ஊசி தென்னாப்பிரிக்கச் சட்டப்படி கட்டாயம். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே வெறிநோய் இன்றும் இருக்கிறது. அறிகுறி தோன்றிய பிறகு மனிதருக்கும் நாய்க்கும் மருந்தில்லை. மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் அடுத்தது, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். அரசு முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள்.

குடற்புழு மருந்தை ஆறு மாதம் வரை மாதாமாதம் கொடுங்கள். டர்பன் பிள்ளைகளின் பாதத்தில் நெளிநெளியாகக் கோடிட்டு அரிக்கும் ‘சாண்ட்வோர்ம்’ வேறொன்றுமில்லை, நாய், பூனைகளின் கொக்கிப்புழுக் குஞ்சுதான். மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். உண்ணிக்கு, குட்டியின் எடையைச் சொல்லி மருத்துவர் தரும் மாத்திரை. உண்ணியால் வரும் பிலியரி எனும் இரத்த நோய் இங்கே மிகுதி. ஈறு வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஊசிகள் முடியும் வரை வெளியுலகத்தையே காட்டாமல் அடைத்து வைக்கவும் கூடாது. பதினான்கு வாரத்துக்குள் கண்டதும் கேட்டதும்தான் அதற்குப் பின்னாளில் இயல்பானவை. தரையில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். சீனியைத் துண்டில் சுற்றிக் கடற்கரை நடைபாதைக்குக் கொண்டுபோனோம்; மினிபஸ் டாக்சியின் ஹார்ன், ஸ்கேட்டிங் செய்யும் பிள்ளைகள், கோயில் மேளம் எல்லாம் என் கையிடுக்கில் இருந்தபடியே அவளுக்குப் பழகின.

படி 6: வரும் நாளும் முதல் இரவும்

காலையிலேயே அழைத்துவாருங்கள், இருட்டுமுன் வீட்டை மோந்து பார்க்க நேரம் கிடைக்கும். அதற்கு முந்தைய நாளே ஒரு பழைய துணியைக் கொடுத்துத் தாயின் மேல் தேய்த்து வாங்கிவையுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் மலசலத்துக்கு ஒதுக்கிய இடத்தில் இறக்கிவிட்டுக் காத்திருங்கள். உறவினர்களை அன்று அழைக்காதீர்கள். எங்கள் அண்ணி வருத்தப்பட்டார், அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன்.

குட்டியை வெளியே கட்டிப்போட்டு இரவெல்லாம் அழவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் தனியாகத் தூங்கியிராத உயிர் அது. பெட்டியை உங்கள் கட்டிலருகே வையுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி, தாயின் வாசமுள்ள துணியோடு உள்ளே வையுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டு மோந்து பார்க்கவிடுங்கள். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து, விளையாட்டுக் காட்டாமல், பேசாமல், அதே இடத்துக்குத் தூக்கிச்சென்று, முடித்ததும் மெல்லப் பாராட்டி மீண்டும் பெட்டியில் விடுங்கள். சீனி முதல் இரவு நான்கு முறை எழுப்பினாள். ஒன்பதாம் இரவு ஒரே முறை, அதுவும் விடியற்காலை நான்கரைக்கு, தானாகவே பின்வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு.